மானி வாசிப்பு

தண்ணீர்ச் சபையில் மானி பார்க்கிறவன் நான்.
கந்தளாய்க் குளத்திலிருந்து வருவதில்
எந்த வீட்டுக்குள் எத்தனை யூனிட் போனதென்று
பென்சிலால் எழுதுவது வேலை.
படலைக்கு வெளியே நின்று கேட்பது
எல்லாத் தெருவிலும் ஒரே கேள்விதான்:
நாய் கட்டியிருக்கா?
சந்தி தாண்டினால் அதையே
பல்லா பெந்தலாத என்பேன்.
நாய்களுக்கு மட்டும் எல்லாப் பக்கமும் ஒரே பெயர்கள்,
ஜிம்மி, பிரவுணி, டைகர்.
சோதனைச் சாவடி வந்த வருசம்
எங்கள் பக்கத்து டைகர்கள் எல்லாம்
ஒரே கிழமையில் டொமி ஆயின.

முன்னர் ஒரே புத்தகம்.
உவர்மலையில் தொடங்கி உப்புவெளி வரைக்கும்
நானும் திலகசிறியும் ஹில்மியும்
மாதம் மாறி மாறி நடந்தோம்.
பிறகொரு திங்கட்கிழமை
மேற்பார்வையாளர் அதன் தையலைப் பிரித்து,
மூன்றாக்கி, சணல் கோத்து
மேசையில் வைத்தார்.
உங்கட உங்கட ஆக்கள்ட தெருவ
நீங்க நீங்க பாருங்க. பாதுகாப்புக்குத்தான்.
எழுத்தில் ஒன்றும் தரவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.
உண்மையைச் சொன்னால்
அன்று என் கால் கொஞ்சம் இலேசானது.

ஹில்மி மகளின் கல்யாணத்துக்கு அழைத்தான்.
போனோம்.
மண்டபத்தில் எங்கள் மேசை தனியே கிடந்தது,
வாசலுக்குக் கிட்ட.
அவன் மூன்று முறை வந்து
சாப்பிட்டீங்களா என்று கேட்டான்.
மூன்றாம் முறை அவனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திலகசிறியின் பங்கோடு
என் வீடும் போயிற்று.
ஒரு மாதம் அந்த ஒழுங்கையில்
பதினேழு மானிகள் அசையவில்லை.
அதிலொன்று என்னுடையது.
பாலையூற்றில் அக்கா வீட்டு விறாந்தையில்
படுத்துக்கொண்டே விற்றோம்,
விலை பேசவில்லை.
நொத்தாரிசின் முகம்கூட நினைவில்லை.

மானிக்குப் பின்னால் போகத் தெரியாது.
பெயர் மாறினாலும் பூச்சியத்தில் தொடங்காது.
நாங்கள் விட்ட இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தாறிலிருந்தே
அவர்கள் குளிக்கத் தொடங்கினார்கள்.

நான் கேட்டதேயில்லை.
திலகசிறி மாதாமாதம்
பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதி
என் தேத்தண்ணிக் கோப்பையின் கீழ் வைப்பான்.
பதினொன்று.
பன்னிரண்டு.
ஓர் ஆவணியில் பத்தொன்பது.
பிள்ளை பிறந்திருக்கும், துணி தோய்க்கிறார்கள்
என்று மனைவியிடம் சொன்னேன்.
உலை கொதிக்குது, பிறகு சொல்லுங்க என்றாள்.
இரவு, விளக்கணைத்து வெகுநேரம் கழித்து,
ஆணோ, பெண்ணோ? என்றாள்.

பங்குனியில் நாற்பத்தொன்று.
ஒழுகுது மச்சான், மூண்டு பேர் தோண்டியும் பிடிபடேல்ல,
பில்லைப் பாத்து அந்த மனுசன் கத்துறார்.
எனக்குத் தெரியும்.
குசினிக்குப் பின்னால்,
கொய்யாவுக்கும் சுவருக்கும் நடுவே,
மூன்றாவது மூட்டு.
புதுக் குழாய்க்குக் காசு பற்றாமல்
சைக்கிள் டியூப் சுற்றிச்
சீமெந்து அப்பியவன் நான்தான்.
டிக்கெட்டைத் திருப்பி
வரைந்து கொடுத்தேன்.
கொய்யா நிற்குதா என்று கேட்க வாயெடுத்து
விட்டுவிட்டேன்.

சித்திரையில் பதின்மூன்று.
திலகசிறி ஒரு பார்சல் கொண்டுவந்தான்,
கடதாசியில் எண்ணெய் ஊறிய நாலு கெவும்.
நிலத்துக்குள்ள இருக்கிறது
உங்களுக்கு எப்படித் தெரியும் என்று
அந்த வீட்டுப் பொம்பிளை கேட்டாளாம்.
நீ என்ன சொன்னாய்?
பழைய புத்தகத்தில இருக்கு எண்டன்.
புத்தகத்தில் அப்படியொன்றும் இல்லை.
அவனுக்கும் தெரியும்.

ஹில்மிக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று.
மற்ற இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
மனைவி பிய்த்து மணந்து பார்த்தாள்.
தேங்காயெண்ணெய், என்றாள்,
பாகு கொஞ்சம் முறுகிப்போச்சு.
நின்றபடியே
முழுதையும் தின்றாள்.